பன்னிரண்டு முதல் நாற்பது வரை

மார்ச் 3

மதிப்பிற்குரிய ஆய்வக மேடம் அவர்களுக்கு,

மான் காப்பகத்தின் தற்காலிகக் காவலாள் எழுதிக்கொள்வது.

தங்கள் அறிக்கையை நேற்று மாலை ரேஞ்சர் எங்கள் குடியிருப்புக்கே வந்து வாசித்துக் காட்டினார். பதினான்கு வீட்டு ஆட்களும் நின்று கேட்டோம். மான் புழுக்கையில் வெள்ளாட்டுக்குரிய காக்சிடியா என்னும் குடல் ஒட்டுண்ணி காணப்படுகிறது என்பது தங்கள் வரி. ஆகவே மான் குட்டிகளின் சாவுக்கு ஆடுகளே காரணம் என்பது அதற்குக் கீழே ஆய்வகப் பெரிய டாக்டர் எழுதிய வரி. வேலியைச் சுற்றி மூன்று மைலுக்குள் இருக்கும் எல்லா ஆடுகளையும் இந்த மாதம் 28ஆம் தேதி கொன்று புதைக்க வேண்டும் என்பது அதற்கும் கீழே காப்பக அலுவலகம் எழுதியது. மொத்தம் மூன்று வரி. எங்களிடம் இருப்பது முந்நூற்றுப் பத்து ஆடு.

ரேஞ்சர் காகிதத்தை மடிக்கும்போது கையெழுத்தைப் பார்த்துவிட்டேன். பள்ளிக்கூடத்தில் என் மார்க் ஷீட்டில் அப்பாவுக்குப் பதிலாக நீ போட்டுக் கொடுப்பாயே, அதிலும் கடைசிச் சுழி இப்படித்தான் வளைந்திருக்கும்.

மாமா என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்: "மாப்ள, மானு வயித்துல இருக்கறது எங்க ஆட்டோடதுன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? பேரு எழுதி ஒட்டியிருக்கா?" அந்த 'அவங்க' யார் என்று நான் வாய் திறக்கவில்லை. பெண்டாட்டியின் அப்பாவிடம் என்ன சொல்வது, உங்கள் ஆட்டுக்கு நாள் குறித்தது என் கூடப் பிறந்தவள் என்றா?

அப்பாவைப் புதைத்த அன்று, இவர்கள் அத்தனை பேர் முன்னாலும் "ஆடு மேய்க்கிறவன்கிட்ட என்ன பேச்சு" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாய். மூன்று வருஷம் ஆகிறது. இனிமேல் மேய்க்க ஆடும் இருக்காது. திருப்திதானே?

இந்தக் கடிதம் ஆய்வகத்துக்கு மாதிரி கொண்டுவரும் ஐஸ் பெட்டியில், பைகளுக்கு அடியில் வருகிறது. உன் நம்பரை நான் தடுத்து வைத்திருக்கிறேன். அது அப்படியேதான் இருக்கும்.

காவலாள்


மார்ச் 6

தம்பிக்கு,

பெட்டியை நான் திறந்தது உன் நல்ல நேரம். உதவியாளர் திறந்திருந்தால் உன் கடிதத்துக்கும் ஒரு நம்பர் போட்டுப் பதிவேட்டில் ஏற்றியிருப்பார்.

உன் மாமனார் கேட்டது சரியான கேள்வி. பேர் எழுதித்தான் இருக்கிறது. அதை வாசிக்கத்தான் நான் இத்தனை வருஷம் படித்தேன். புழுக்கையைக் கரைத்து வடிகட்டி, கெட்டியான சர்க்கரைக் கரைசலில் கலந்து வைத்தால் ஒட்டுண்ணியின் முட்டைகள் மேலே மிதந்து வரும். ஒரு மில்லிமீட்டர் இடத்தில் முப்பது நாற்பதை வரிசையாக அடுக்கலாம், அவ்வளவு சின்னது. நமது மான்களிடம் இருப்பது பேரிக்காய் மாதிரி ஒரு பக்கம் ஒடுங்கியிருக்கும். ஒடுங்கிய நுனியில் சின்னத் திறப்பு மட்டும் தெரியும். இங்கே வெள்ளாட்டில் நாங்கள் அடிக்கடி பார்ப்பது நல்ல நீள்வட்டம். அதில் திறப்புக்கு மேலே கண்ணாடி மாதிரி ஒரு தொப்பி உட்கார்ந்திருக்கும். டைக்ரோமேட் என்ற ஆரஞ்சுக் கரைசலில் ஐந்தாறு நாள் காற்றுப்பட வைத்தால் உள்ளே நான்கு அறைகள் பிரியும், அறைக்கு இரண்டு உயிர். அறைகளின் வடிவத்தையும் அகலத்தையும் ஒவ்வொன்றாக அளந்துதான் எழுதினேன். கழுத்து வலி இன்னும் போகவில்லை.

தொப்பி இருந்தது. அதனால் இருந்தது என்று எழுதினேன். ஆட்டைக் கொல் என்று நான் எங்கேயும் எழுதவில்லை.

அப்பாவைப் புதைத்த அன்று நான் சொன்னது மட்டும் உனக்கு ஞாபகம் இருக்கிறது. ஒன்பது மணி நேரம் பஸ்ஸில் நின்றபடி வந்தேன். இன்னும் ஒரு மணி நேரம் பொறுக்க உனக்கு முடியவில்லை. நான் வந்தபோது மண்ணை மேடு கட்டிக்கொண்டிருந்தாய். அப்பா முகத்தை நான் பார்க்கவே இல்லை. அந்த வார்த்தை அதற்குப் பிறகு வந்தது. அதையும் சேர்த்து எழுது.

இருக்கட்டும். அறிக்கைக்காக நீ அனுப்பிய நாற்பது பை மாதிரிகளையும் எப்படி எடுத்தாய்?

அக்கா


மார்ச் 10

அக்கா என்று ஆரம்பிக்க இன்னும் கை வரவில்லை. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

தொப்பி, தொப்பி என்று எழுதியிருக்கிறாய். எங்கள் ரேஞ்சரும்தான் தொப்பி போட்டிருக்கிறார். அவரை எந்த இனத்தில் சேர்ப்பாய்?

போன வருஷம் வரை இந்த மான்கள் நாளைக்குப் பத்து மைல் நடந்தன. இன்று மேய்ந்த இடத்தை மறுநாள் திரும்பிப் பார்ப்பதில்லை. வருகிற பெரிய மனிதர்கள் வண்டியிலிருந்து இறங்காமலே மான் பார்க்க வேண்டுமாம், அதற்காகத் தொண்ணூறு மானைப் பிடித்து வேலிக்குள் அடைத்தார்கள். இருப்பது ஒரே தண்ணீர்த் தொட்டி. குடிக்கிற இடத்திலேயே கழிக்கின்றன, கழித்த இடத்திலேயே குட்டி வாய் வைக்கிறது. மூன்று வாரக் குட்டி ரத்தமாகக் கழிந்து, பின்னங்கால் மடிந்து, தாய்க்கு அடியிலேயே விழுகிறது. தாய் அரை நாள் அங்கேயே நிற்கும். நான் மண்வெட்டியோடு தள்ளி நின்று காத்திருப்பேன். இதுவரை பத்தொன்பது குட்டிகளைப் புதைத்திருக்கிறேன். வேலிக்கு வெளியே எங்கள் ஆடு ஒன்றுகூடச் சாகவில்லை.

இதையெல்லாம் வைத்துப் பார்க்க உன்னிடம் கண்ணாடி இல்லை போலிருக்கிறது.

மாதிரியை எப்படி எடுத்தாய் என்று கேட்டிருக்கிறாய். கையால்தான் எடுத்தேன்.


மார்ச் 12

ஓணான்,

உன்னை இப்படிக் கூப்பிட்டு ரொம்ப நாளாகிறது. கோபப்படாதே.

முதல் பதினோரு பைகளில் தொப்பி உள்ளது ஒன்றுகூட இல்லை, எல்லாம் பேரிக்காய். பன்னிரண்டு முதல் நாற்பது வரை எல்லாம் தொப்பி, பேரிக்காய் ஒன்றுகூட இல்லை. எந்த நோயும் மந்தைக்குள் இப்படி நம்பர் பார்த்து வராது. தவிர, வெள்ளாட்டுடையது மான் குடலில் பொதுவாகத் தங்குவதும் இல்லை.

பதினோராவது பைக்கும் பன்னிரண்டாவது பைக்கும் நடுவில் என்ன நடந்தது? பெட்டி திரும்பி வரும்போது பதில் வேண்டும்.

அக்கா


மார்ச் 15

அக்கா,

அன்று காலை ஐந்தரை மணிக்கு ரேஞ்சர் நாற்பது பைகளையும் ஒரு பேனாவையும் கையில் கொடுத்தார்.

"பன்னெண்டு மணிக்கு ஜீப்பு கெளம்பும். நாப்பதும் ரெடியா இருக்கணும்."

"சார், மானு போடறதப் பாத்து சூடா எடுக்கணும்னு தாள்ல போட்டிருக்கு. கிட்டப் போனா ஓடுது சார். ஒரு பைக்கு அரை மணி ஆயிடும். இன்னொரு ஆளு குடுங்க."

"ஏன், மானுக்கு முதுகத் தடவிவிடவும் ஒரு ஆளு வேணுமா? முடியலன்னா சொல்லு. இந்த வேலைக்கு வெளியில பத்துப் பேரு நிக்கறான்."

பத்தரை மணிக்குப் பதினோரு பை சேர்ந்திருந்தது. மீதி இருபத்தொன்பதையும் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து அள்ளிப் போட்டேன். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அங்கே ஒரே இடத்தில் குவிந்து ஈரமாகக் கிடந்தது எங்கள் ஆட்டுப் புழுக்கைதான். தெரியாமல் எடுத்தேன் என்று சொல்ல மாட்டேன். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தொட்டாலே எனக்கு வித்தியாசம் தெரியும். புழுக்கைதானே, எவன் பார்க்கப் போகிறான் என்று நினைத்தேன். நீ பார்ப்பாய் என்றோ, பார்த்தால் அதில் பேர் தெரியும் என்றோ எனக்கு யார் சொன்னார்கள்?

ஆடு எப்படி உள்ளே வந்தது என்று கேட்பாய். எங்கள் குட்டை ஜனவரியிலேயே வற்றிவிட்டது. பின்பக்க வேலியில் இரண்டு கம்பிகளைத் தளர்த்திவிட்டவன் நான்தான். விடியற்காலையில் வந்து குடித்துவிட்டுப் போய்விடும். மாமா வாய்விட்டுக் கேட்டார். சீருடை போட்ட மருமகன் இருந்து இதுகூட ஆகவில்லை என்றால் என்ன மரியாதை? அந்தச் சீருடையை நான் ஏன் போட்டேன் என்று உனக்குத் தெரியும். ஆடு மேய்க்கிறவன் என்று இன்னொரு தடவை யாரும் சொல்லக் கூடாது என்றுதான்.

இப்போது சொல். உண்மையை எழுதினால் ஆடு உள்ளே வந்தது என்று நானே சாட்சி சொன்ன மாதிரி ஆகும். எழுதாவிட்டால் உன் அறிக்கை அப்படியே நிற்கும். எப்படிப் பார்த்தாலும் ஆட்டுக் கழுத்தில்தான் கத்தி. என்னைப் பிடித்து உள்ளே போட்டால் என் பெண்டாட்டி என்ன செய்வாள்? ஏழாவது மாதம். உனக்கு இதுவும் தெரிந்திருக்காது.


மார்ச் 17

தம்பி,

ஏழாவது மாதம் என்ற வரியை நாலைந்து தடவை படித்தேன்.

நீ உன்னுடையதைச் சொல்லிவிட்டாய். என்னுடையதையும் கேள். பைகள் வந்த அன்றே லேபிளில் இருப்பது உன் எழுத்து என்று தெரிந்துவிட்டது. ஏழுக்கு நடுவில் கோடு போடும் பழக்கத்தை நீ இன்னும் விடவில்லை. பன்னிரண்டாவது சிலைடில் தொப்பியைப் பார்த்ததுமே எனக்கு உறுத்தியது. இப்படி உறுத்தினால் மாதிரி எடுத்த ஆளைக் கூப்பிட்டு எங்கே எடுத்தாய், எப்போது எடுத்தாய் என்று கேட்க வேண்டும். எங்கள் பதிவேட்டில் அதற்கென்றே ஒரு கட்டம் இருக்கிறது. வேறு யார் எழுத்தாக இருந்திருந்தாலும் காப்பக அலுவலகத்துக்குப் போன் போட்டு ஆளை வரச் சொல்லியிருப்பேன். என் நம்பரைத் தடுத்து வைத்தவனிடம் நான் போய்க் கேட்பதா என்று தோன்றியது. கட்டத்தில் 'கேட்டுச் சரிபார்க்கப்பட்டது' என்று எழுதினேன். கேட்கவே இல்லை.

நீ ஒரு வேலையை முடிக்க ஏமாற்றினாய். நான் ஒரு வீம்புக்காக ஏமாற்றினேன். உன்னை ஏமாற்ற வைத்தவர் ஒருவர் இருக்கிறார், எனக்கு அப்படி யாரும் இல்லை.

இப்போது இரண்டு காரியம் ஆக வேண்டும். அடுத்த குட்டி செத்த உடனே, புதைப்பதற்கு முன், சிறுகுடலில் ஒரு சாண் நீளம் வெட்டிப் பாட்டிலில் போட்டு ஐஸில் வை. இரண்டாவது, இத்துடன் இருக்கும் தாள். பன்னிரண்டு முதல் நாற்பது வரை மான் புழுக்கை அல்ல என்று எழுதியிருக்கிறேன். நீ கையெழுத்துப் போட்டால் போதும். பயப்படுவாய் என்று தெரியும். ஆனால் யோசித்துப் பார். வேலிக்குள் வந்து தண்ணீர் குடித்த ஆட்டுக்கு அபராதம்தான். கொல்ல முடியாது. நோய் பரப்பிய ஆட்டைத்தான் கொல்ல முடியும். அந்த ஒரு வார்த்தையை உடைத்தால் ஆடு தப்பிக்கும்.

அக்கா


மார்ச் 20

கட்டத்தில் எழுதினாயாமே. மூன்று வருஷம் பேசாமல் இருந்தாய் சரி, ஒரே ஒரு தடவை பேச வேண்டிய அன்றைக்கும் பேசவில்லை. என் மேல் இருந்த கோபத்தை என் மேலேயே காட்டியிருக்கலாம். அந்த ஆடுகள் உன்னை என்ன செய்தன?

பாட்டிலில் இருப்பது இன்று காலை ஆறு மணிக்குச் செத்த பெண் குட்டி. வெட்டும்போது தாய் பார்த்துக்கொண்டிருந்தது.

தாளில் கையெழுத்துப் போடவில்லை. நீ தப்புப் பண்ணினால் உன்னை வேறு மேஜைக்கு மாற்றுவார்கள். நான் தப்புப் பண்ணினால் கையில் விலங்கு மாட்டுவார்கள். போடு போடு என்று எழுதுவது உனக்குச் சுலபம்.


மார்ச் 23

ஓணான்,

குடல் சுவர் முழுக்க வெள்ளைப் புள்ளிகள். சுரண்டிப் பார்த்தேன். ஆயிரக்கணக்கில் இருக்கிறது, எல்லாம் பேரிக்காய், ஒரு தொப்பிகூட இல்லை. மான்களைக் கொல்வது மான்களுடையதேதான். எப்போதும் வயிற்றில் கொஞ்சம் இருக்கும் சாமான்தான் இது. நடந்து திரிந்தவரை ஒன்றும் செய்யாமல் கிடந்தது. அடைத்து வைத்ததும் பெருகிவிட்டது. நீ பத்தாம் தேதிக் கடிதத்தில் எழுதியதை நான் இருபத்து மூன்றாம் தேதி மைக்ராஸ்கோப்பில் கண்டுபிடித்திருக்கிறேன்.

பெரிய டாக்டரிடம் ஓடினேன்.

"ஒரு குட்டிய வச்சுக்கிட்டு நாப்பது சாம்பிளத் தூக்கிப் போடச் சொல்றியாம்மா?"

"அதுல இருபத்தொம்போது ஆட்டோடது சார்."

"யாரு சொன்னா?"

"எடுத்த ஆளே சொல்றாரு சார்."

"எழுதிக் குடுத்தானா?"

கையிலிருந்த குடல் சிலைடை அவர் மேஜை மேல் வைத்தேன்.

"எழுதி வாங்கிட்டு வா, பாக்கலாம். இல்லன்னா கோழி சாம்பிள் அறுபது கெடக்கு, அதப் பாரு."

அவர் அதை நம்பாமல் சொல்லவில்லை. நம்புகிறார் என்று முகத்திலேயே தெரிந்தது. தாள் இல்லாத வரை அவருக்கு வசதி. 26ஆம் தேதி ஜீப்பில் உன் தாள் வந்தால் அன்று மாலையே ஆணையை நிறுத்தி வைக்க வேண்டிய கட்டாயம் அவருக்கு வரும். ஜீப் போய்விட்டால் பிறகு ஒன்றுமில்லை.

உன் கையெழுத்தை நான் போடத் தெரிந்தவள்தான். பேனாவை எடுத்தும் பார்த்தேன். இன்னொரு பொய்யை இதில் சேர்க்க முடியவில்லை. நீதான் போட வேண்டும். கெஞ்சிக் கேட்கிறேன்.

அக்கா


மார்ச் 31

அக்கா,

26ஆம் தேதி ஜீப் வந்தது. பெட்டியைத் தூக்கிப் பின்னால் வைத்தேன். தாள் சட்டைப் பையில் இருந்தது. பேனாவும் இருந்தது. டிரைவர் அண்ணன், "வேற ஏதாவது இருக்காப்பா?" என்று கேட்டார். "இல்லண்ணே" என்றேன். அவர் இன்ஜினைப் போட்டுவிட்டு இன்னொரு தடவை என் முகத்தைப் பார்த்தார். பின் கதவைச் சாத்திவிட்டு விலகி நின்றேன்.

28ஆம் தேதி எட்டுப் பேர் வந்தார்கள். ஊசி, சுண்ணாம்பு மூட்டை, குழி வெட்டும் இயந்திரம் எல்லாம் வந்தது. ஆடுகள் புது ஆட்கள் கைக்குப் பிடிபடாமல் சிதறி ஓடின. ஒரு மணி நேரம் துரத்தினார்கள். அப்புறம் ரேஞ்சர் என் பக்கம் திரும்பி, "ஏய், நீ கூப்ட்டா வரும்ல? கூப்புடு" என்றார்.

கூப்பிட்டேன். எல்லாம் வந்தன.

மாமா கடைசி ஆடு வரைக்கும் நின்றார். மத்தியானம் ரேஞ்சர் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். என் கையிலும் ஒரு கப் வைத்தார். குடித்தேனா, கொட்டினேனா என்று ஞாபகம் இல்லை.

நேற்று பதினான்கு வீட்டு ஆட்களையும் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். பை, தொட்டி, நீ அனுப்பிய தாள், ஜீப். அறிக்கையில் கையெழுத்துப் போட்டது நீ என்பதை மட்டும் சொல்லவில்லை. ஆய்வகத்தில் யாரோ தெரிந்தவர் தாள் அனுப்பினார் என்றேன். அடிப்பார்கள் என்று நினைத்துத்தான் போனேன். யாரும் எழுந்திருக்கவில்லை. மாமா மட்டும் கேட்டார்:

"இத ஏன் மாப்ள இப்ப சொல்ற? சொல்லாம இருந்திருந்தா அவனுங்களத் திட்டிக்கிட்டாவது கெடந்திருப்போம்."

திட்டக்கூட முடியவில்லை அவர்களால். மகள் வயிற்றில் இருப்பது என் பிள்ளை. அவள் என் துணிகளைத் துவைத்துக் காயவைத்து, மடித்து வாசலில் கொண்டுவந்து வைத்தாள். பொத்தான் அறுந்திருந்த சட்டைக்குப் பொத்தான்கூடத் தைத்திருந்தாள்.

தாளில் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். மான்களையாவது திறந்துவிடச் சொல். நேற்று இருபத்து மூன்றாவது குட்டியைப் புதைத்தேன்.

தம்பி


ஏப்ரல் 19

தம்பி,

நீ காப்பகத்தில் இல்லை, பாலத்துக்குப் பக்கத்திலுள்ள பம்ப் அறையில் படுத்துக்கொள்கிறாய் என்று டிரைவர் அண்ணன் சொன்னார். தற்காலிகம் என்பதால் உன்னை நீக்கி ஒரு காகிதம்கூட எழுதவில்லையாம். இதை அவர் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன்.

தாளைப் பெரிய டாக்டரிடம் கொடுக்கவில்லை. அவருக்கு மேலே இருக்கிறவர்களுக்குப் பதிவேட்டு நகலோடு அனுப்பினேன். கட்டத்தில் நான் எழுதிய பொய்யையும் அடிக்கோடு போட்டுக் காட்டினேன். நேற்று பதில் வந்தது. ஆடுகள் ஏற்கெனவே அகற்றப்பட்டுவிட்டபடியால் ஆணையை மறுபடி பார்க்க முகாந்திரம் இல்லையாம். மான் அடைப்பைப் பற்றி ஆராய ஒரு குழு போடுவார்களாம். குழுவில் முதல் பேர் பெரிய டாக்டர். எனக்குப் பணியிடை நீக்கம். மேஜையை மாற்றுவார்கள் என்று எழுதியிருந்தாயே, மேஜையே இல்லை என்று ஆகிவிட்டது. மைக்ராஸ்கோப்புக்கு உறை போட்டுவிட்டுச் சாவியை உதவியாளரிடம் கொடுத்தேன்.

உன் மாமனார் கேட்டதையே இந்த மூன்று வாரமும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அங்கே பதினான்கு வீடு திட்டுவதற்கு ஆள் இல்லாமல் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. நீ அந்த வீட்டு மருமகன், உன்னைத் திட்ட முடியாது. என்னைத் திட்டலாம். நான் அவர்களுக்கு யாரும் இல்லை. அவர்களுக்கு முன்னால் ஆடு மேய்ப்பதைக் கேவலமாகப் பேசியவள், அவ்வளவுதான்.

வியாழக்கிழமை மதியப் பஸ்ஸில் வருகிறேன். நீ பஸ் நிறுத்தத்துக்கு வராதே. உன்னோடு சேர்ந்து வந்தால் சம்பந்தி வீட்டுப் பெண் என்று நாற்காலி போடுவார்கள். தனியாக வருகிறேன். கையெழுத்துப் போட்டவள் நான்தான், கேட்க வேண்டியதைக் கேட்காமல் போட்டேன் என்று ஒவ்வொரு வாசலிலும் சொல்வேன். முதல் வீட்டில் விரட்டினால் இரண்டாவது வீட்டுக்குப் போவேன்.

அக்கா